மூன்று பெட்டி, ஒரே திரை: வீட்டு சோலாரை வெளியூரில் இருந்து கவனிப்பது எப்படி?

கம்ப்யூட்டர் வாங்கி ஒரு மாதம் ஆனதும் பலரும் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு. "லெட்டர் டைப் பண்ணியாச்சு, படமும் பார்த்தாச்சு. இதை வைத்து வீட்டுக்கு உருப்படியாக வேறு என்ன செய்யலாம்?" இந்த மாதம் அதற்கு என் சொந்த வீட்டையே உதாரணமாக எடுத்துக் கொள்கிறேன்.

எங்கள் வீடு விருதுநகர் மாவட்டம் ஆலங்குளத்தில் இருக்கிறது. (தென்காசி மாவட்டத்து ஆலங்குளம் அல்ல. ராஜபாளையம் பக்கம், அரசு சிமென்ட் ஆலை இருக்கும் ஊர்.) நான் வேலை பார்ப்பது கோவையில். ஊரில் அப்பா மட்டும். நுரையீரல் தொந்தரவு இருப்பதால் இரவு முழுவதும் அவருக்கு ஆக்ஸிஜன் கான்சென்ட்ரேட்டர் ஓட வேண்டும். அது சுமார் 300 வாட் எடுக்கும். 2024 பிப்ரவரியில் ஆரம்பித்த பிரதமரின் சூரிய வீடு திட்டத்தில் 78,000 ரூபாய் மானியம் பெற்று, மாடியில் 3 கிலோவாட் பேனல் போட்டோம். கூடவே 5 யூனிட் லித்தியம் பேட்டரி. எல்லாவற்றையும் போனில் பார்க்கலாம் என்றார்கள். எனக்கும் நிம்மதி.

ஒரு நாள் இரவு படுக்கும் முன் போனைப் பார்த்தேன். பேட்டரி 92 சதவீதம். தூங்கிவிட்டேன். காலையில் அப்பா பேசினார். "ராத்திரி ஒன்பதரைக்குப் போன கரண்ட் விடியத்தான் வந்துச்சு. அஞ்சு மணிக்கு பேட்டரியும் நின்னு போச்சு. பரவாயில்ல தம்பி, விடியப் போற நேரம்தானே" என்றார். ஒரு மணி நேரம் மெஷின் இல்லாமல் கட்டிலில் உட்கார்ந்தே இருந்திருக்கிறார். என் போனில் அப்போதும் 92 சதவீதம் என்றே இருந்தது!

காரணம் மிகவும் எளியது. இன்வெர்ட்டர் தன் தகவலை வீட்டு வைஃபை ரூட்டர் வழியாகத்தான் அனுப்புகிறது. அந்த ரூட்டர் பேட்டரி லைனில் இல்லை. கரண்ட் போனதும் ரூட்டரும் அணைந்துவிட்டது. நான் பார்த்தது ஒன்பதரை மணிக்கு உறைந்துபோன எண். உங்கள் வீட்டில் சோலார் இருந்தால், மேலே படிப்பதற்கு முன் ரூட்டரின் பிளக் எந்த லைனில் இருக்கிறது என்று பார்த்துவிடுங்கள். இன்டர்நெட் கம்பெனிக்காரர் மாட்டிய ஃபைபர் பெட்டியும் அதே லைனில் இருக்க வேண்டும்.

அதன் பிறகுதான் எல்லாவற்றையும் ஒரே திரையில் கொண்டுவர முடிவு செய்தேன். எங்கள் வீட்டில் பேசும் பெட்டிகள் மூன்று. பேனலில் இருந்து வரும் டி.சி.யை ஏ.சி.யாக மாற்றும் இன்வெர்ட்டர். பேட்டரிக்குள் இருக்கும் பி.எம்.எஸ். என்ற காவல்காரன். வாசலில் மீட்டர். மூன்றுக்கும் தனித்தனி ஆப், தனித்தனிக் கணக்கு. ஒன்றில் ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை எண் மாறும், இன்னொன்றில் மாறவே மாறாது. கமுதியில் 2016-ல் திறந்த 648 மெகாவாட் நிலையத்தைப் போன்ற இடங்களில் லட்சக்கணக்கான பேனல்களின் தகவல் ஸ்கேடா என்னும் ஏற்பாட்டின் மூலம் ஒரு அறைக்கு வந்து சேரும். வீட்டுக்கு அதன் குட்டித் தம்பி போதும்.

இந்தப் பெட்டிகள் பெரும்பாலும் பேசுவது மோட்பஸ் என்ற மொழியை. 1979-ல் தொழிற்சாலைகளுக்காக உருவாக்கியது. போஸ்ட் ஆபீசில் வரிசையாக அறைகள் கொண்ட ஒரு அலமாரியை நினைத்துக் கொள்ளுங்கள். ஒவ்வொரு அறைக்கும் ஒரு எண். ஒவ்வொன்றிலும் 0 முதல் 65,535 வரை ஏதாவது ஒரு எண் இருக்கும். கம்ப்யூட்டர் "இத்தனையாம் அறையில் என்ன இருக்கிறது?" என்று கேட்கும். பெட்டி "2440" என்று பதில் சொல்லும். அதைப் பத்தால் வகுத்தால் 244.0 வோல்ட். எந்த அறையில் என்ன இருக்கிறது என்ற பட்டியல் கம்பெனிக்குக் கம்பெனி மாறும். வாங்கும்போதே அதைக் கேட்டு வாங்குங்கள், பிறகு கேட்டால் கிடைப்பது கஷ்டம்.

வயர் விஷயமும் எளிதுதான். ஆர்.எஸ்.485 என்பது ஏ, பி என இரண்டே கம்பிகள். 1,200 மீட்டர் வரை போகும். ஒரே ஜோடிக் கம்பியில் பல பெட்டிகளைக் கோர்க்கலாம். மறுமுனையை ஒரு சிறிய யு.எஸ்.பி. அடாப்டர் மூலம் கம்ப்யூட்டரில் சொருக வேண்டும். கம்ப்யூட்டர் என்றதும் புதிதாக வாங்க ஓட வேண்டாம். ராஸ்பெரி பை போன்ற சிறிய போர்டு போதும். நான் பரணில் கிடந்த பழைய லேப்டாப்பை எடுத்தேன். கரண்ட் போனால் சிறிது நேரம் தாக்குப்பிடிக்க அதற்கே ஒரு பேட்டரி இருக்கிறதே! அதில் 2013-ல் தொடங்கிய ஹோம் அசிஸ்டன்ட் என்ற இலவச சாஃப்ட்வேரைப் போட்டேன். 2021 முதல் அதில் சோலார், பேட்டரி, மீட்டர் மூன்றையும் சேர்த்துக் காட்டும் எனர்ஜி பக்கம் உண்டு. இதை முழுமையாக நிறுவும்போது ஹார்டு டிஸ்க்கில் இருப்பதெல்லாம் அழிந்துவிடும். கல்யாண போட்டோக்களை முதலில் வேறு இடத்தில் காப்பி செய்து கொள்ளுங்கள்.

மின்வாரியத்தின் மீட்டரில் நாம் கை வைக்கவே கூடாது, அது சீல் வைத்தது. அதற்கு அடுத்து, நம் பக்கத்து மெயின் போர்டில், மோட்பஸ் வசதியுள்ள ஒரு சிறிய மீட்டரை எலக்ட்ரீஷியனைக் கொண்டு மாட்டிக் கொள்ளலாம்.

முதல் நாள் ஒன்றுமே வரவில்லை. இன்வெர்ட்டரின் அடையாள எண்ணும் 1, மீட்டரின் எண்ணும் 1. இருவரும் ஒரே நேரத்தில் பதில் சொல்ல, கம்ப்யூட்டருக்குக் கேட்டது வெறும் கூச்சல். மீட்டரை 2 என்று மாற்றியதும் சரியாயிற்று. இரண்டாம் நாள் பேட்டரி 65,526 ஆம்பியர் தருவதாகத் திரை சொன்னது. பயந்துவிடாதீர்கள், அது மைனஸ் 10. அறைக்குள் மைனஸ் குறி வைக்க இடமில்லாததால் 65,536-ல் இருந்து கழித்து வைக்கிறார்கள். சாஃப்ட்வேரில் இந்த எண்ணுக்கு மைனஸ் உண்டு என்று குறிப்பிட வேண்டும். மூன்றாம் நாள், ஆலங்குளத்தில் சூரியன் இரவு ஒன்பது மணிக்கு அஸ்தமித்தது! இன்வெர்ட்டரின் கடிகாரம் சீன நேரத்தில், நம்மைவிட இரண்டரை மணி முன்னால் ஓடிக்கொண்டிருந்தது. மூன்று பெட்டியின் நேரமும் ஒன்றாக இல்லாவிட்டால் ஒரே திரையில் போட்டும் பயனில்லை.

நேரம் சரியான பிறகுதான் அந்த விஷயம் கண்ணில் பட்டது. சில வாரங்களாகவே அப்பா, "மத்தியானம் இன்வெர்ட்டர் டக்கு டக்குனு அடிக்குது" என்று சொல்லிக்கொண்டிருந்தார். இன்வெர்ட்டரின் ஆப்பில் "வோல்டேஜ் அதிகம்" என்று ஒரே வரி. பேனல் போட்ட நிறுவனத்தார், வெளியிலிருந்து வரும் வோல்டேஜ்தான் அதிகம், நாங்கள் ஒன்றும் செய்ய முடியாது என்று சொல்லிவிட்டார்கள். மத்திய மின்சார ஆணையத்தின் 2013 விதிப்படி, வோல்டேஜ் 230-ல் 110 சதவீதத்தைத் தாண்டினால், அதாவது 253-க்கு மேல் போனால், இன்வெர்ட்டர் இரண்டு விநாடிக்குள் மின்வாரிய லைனை விட்டு விலகிவிட வேண்டும். அதனால் அவர்கள் சொன்னதை நானும் நம்பினேன்.

இப்போது இரண்டு எண்களும் பக்கத்துப் பக்கத்தில் இருந்தன. நடுப்பகல், 10 ஆம்பியர் வெளியே போகிறது. வாசல் மீட்டரில் 244 வோல்ட். மாடி இன்வெர்ட்டரில் 254. மேகம் மறைத்து ஆம்பியர் குறைந்தால் இரண்டும் நெருங்கி வந்தன. வெயில் வந்தால் மறுபடி விலகின. வெளியிலிருந்து அதிகமாக வந்தால் இரண்டு இடத்திலும் அல்லவா ஏற வேண்டும்? நடுவில் இருப்பது 25 மீட்டர் வயர் மட்டுமே. 4 சதுர மி.மீ. செம்புக் கம்பியில் இந்த ஆம்பியருக்கு இரண்டரை வோல்ட் போனால் அதிகம். இங்கே பத்து வோல்ட். பத்து வோல்ட்டைப் பத்து ஆம்பியரால் பெருக்கினால் 100 வாட். அதில் முக்கால் பங்கு எங்கோ ஒரே இடத்தில் சூடாகிக்கொண்டிருக்கிறது. சால்டரிங் அயர்ன் ஒன்றைச் சுவருக்குள் ஆன் செய்து வைத்த மாதிரி!

அன்றே அப்பாவிடம் சொல்லி சோலார் சுவிட்சை அணைக்கச் செய்தேன். மறுநாள் ராஜபாளையத்தில் இருந்து எலக்ட்ரீஷியன் அண்ணாச்சி வந்தார். மாடிப்படி அடியில் இருந்த ஜங்ஷன் பாக்ஸைத் திறந்ததும் போனில் படம் அனுப்பினார். கனெக்டரின் ஸ்க்ரூ சரியாக முறுக்கப்படவில்லை. பிளாஸ்டிக் பழுப்பாகி, ஒரு ஓரம் கரியாகவே இருந்தது. "இன்னும் ஒரு கோடை தாங்கியிருக்காது சார்" என்றார். அந்தப் பெட்டிக்குச் சுவரின் மறுபக்கம் அப்பாவின் கட்டில்.

மூன்று ஆப்பிலும் இது தெரிந்திருக்காது. இன்வெர்ட்டருக்குத் தன் வோல்டேஜ் தெரியும், மீட்டருக்குத் தன் வோல்டேஜ் தெரியும், வித்தியாசத்தைப் பார்க்கத்தான் ஆள் இல்லை.

வெளியூரில் இருந்து பார்க்க ஒரு எச்சரிக்கை. சிலர் ரூட்டரில் போர்ட் ஒன்றைத் திறந்துவிட்டு நேராக உள்ளே நுழைவார்கள். வேண்டவே வேண்டாம். ஜப்பானில் சுமார் 800 சோலார் கண்காணிப்புக் கருவிகளைத் திருடர்கள் கைப்பற்றி, வங்கிக் கணக்குத் திருட்டுக்குப் பயன்படுத்திய செய்தி 2024-ல் வெளிவந்தது. வி.பி.என். வழியாக மட்டும் நுழையுங்கள். கருவியோடு வந்த பாஸ்வேர்டை முதல் நாளே மாற்றுங்கள்.

இப்போது என் திரையில் மேலே பெரிய எழுத்தில் இருப்பது பேட்டரி சதவீதம் அல்ல, "கடைசித் தகவல் வந்தது: 20 விநாடிக்கு முன்" என்ற வரி. அது பத்து நிமிடத்தைத் தாண்டினாலோ, கரண்ட் இல்லாமல் பேட்டரி 50 சதவீதத்துக்குக் கீழே இறங்கினாலோ என் போன் அலறும். தகவல் நின்றதைக் கவனிக்கும் வேலை மட்டும் கோவையில் இருக்கும் என் கம்ப்யூட்டரில் ஓடுகிறது. ஊரில் உள்ள லேப்டாப் தானே செத்துவிட்டால் அதனால் எப்படிச் செய்தி அனுப்ப முடியும்? ஃபிரிட்ஜையும் பேட்டரி லைனில் இருந்து எடுத்துவிட்டோம். தயிர் புளிக்கிறது என்பது அப்பாவின் இப்போதைய புகார்.