வெயிலுக்கா பஞ்சம்?

ஆலங்குடி பக்கம் எங்கள் ஊரில், பக்கத்துத் தோட்டத்துத் தம்பி சோலார் பம்புசெட் போட்டு மூன்று வருஷம் ஆகிறது. போன கோடையில் திடீரென்று மோட்டார் நின்றுவிட்டது. கோளாறு கன்ட்ரோலர் பெட்டியில். ஒரு மாதமாகப் போன் போட்டும் கம்பெனியிலிருந்து ஆள் வரவில்லை. அரை ஏக்கர் கத்தரி காய்ந்துபோனது. "வெயிலுக்கா சார் பஞ்சம்? சரிபண்ற ஆளுக்குல்ல பஞ்சம்!" என்றார்.

முப்பது வருஷம் வங்கியில் கடன் கொடுத்தவன் நான். பட்டா கேட்டிருக்கிறேன், ஜாமீன் கேட்டிருக்கிறேன். "ரிப்பேர் ஆனா யாரு வருவாங்க?" என்று ஒருவரிடமும் கேட்டதில்லை. அன்றைக்குத்தான் உறைத்தது.

சோலார் நம் ஊர்களில் பரவாததற்கு நான் பார்த்தவரை நான்கு தடைகள்.

முதலாவது கைக்காசு. 2019-இல் வந்த பி.எம். குசும் திட்டத்தில் மத்திய அரசு 30 சதவீதம், மாநில அரசு 30 சதவீதம் மானியம் தருகின்றன. பம்புசெட் 3 லட்சம் என்று வைத்துக்கொண்டால், 1,20,000 ரூபாய் நாம் போட வேண்டும். இதற்கான கடன் 2020 முதல் ரிசர்வ் வங்கியின் முன்னுரிமைப் பட்டியலில் விவசாயக் கடனாகவே சேரும். கிளையில் தயங்கினால் இதை எடுத்துச் சொல்லுங்கள்.

இரண்டாவது, இலவச மின்சாரம். இணைப்பு உள்ளவருக்கு சோலார் தேவைப்படுவதில்லை. தேவைப்படுவது, இணைப்புக்குக் காத்திருந்து டீசல் இன்ஜின் ஓட்டுகிறவருக்கு. அவரிடம்தான் கைக்காசு இருக்காது.

மூன்றாவது, காகிதம். பட்டா தாத்தா பேரில் இருக்கும். இல்லாவிட்டால் கூட்டுப் பட்டாவாக இருக்கும். குத்தகைக்குச் செய்பவர் பாடு இன்னும் கஷ்டம்.

நான்காவதுதான் பெரிசு: போட்ட பிறகு பார்த்துக்கொள்வது. குசும் விதிப்படி ஐந்து வருஷப் பராமரிப்பும், இயற்கைச் சீற்றத்துக்கும் திருட்டுக்குமான காப்பீடும் அமைத்துக் கொடுக்கும் நிறுவனத்தின் பொறுப்பு. 2018 நவம்பரில் கஜா புயல் நம் தென்னைகளையும் மின்கம்பங்களையும் சாய்த்ததைப் பார்த்தவர்களுக்குக் காப்பீட்டின் அருமை தெரியும்.

தம்பியின் ஒப்பந்தம் பீரோவில் படிக்கப்படாமல் கிடந்தது. எடுத்துப் படித்தேன். பராமரிப்பு அதில் தெளிவாக இருந்தது. நிறுவனத்துக்குப் பதிவுத் தபாலில் புகார், நகல் வேளாண் பொறியியல் துறைக்கு. எட்டாம் நாள் ஆள் வந்துவிட்டார். போனில் பேசியதற்குச் சாட்சி இல்லை. தபாலுக்கு ரசீது உண்டு.

ஆகவே, கையெழுத்துப் போடுமுன் மூன்று கேளுங்கள்: பக்கத்தில் சர்வீஸ் ஆள் எங்கே இருக்கிறார்? எத்தனை நாளில் வருவார்? காப்பீட்டுப் பத்திரத்தின் நகல் எங்கே? பதிலை எழுதி வாங்குங்கள். தென்னை நிழல் விழாத இடத்தில் பேனலை நிறுத்துங்கள். ஒரு பேனலில் நிழல் விழுந்தாலும் அதோடு தொடராக இணைந்த மற்றவற்றின் மின்சாரமும் குறையும். தூசியை வாரம் ஒருமுறை காலையில் கழுவிவிடுங்கள்.

இன்னொன்று. வெயில் சும்மா கிடைக்கிறது என்று நாள் முழுக்க மோட்டாரை ஓட விடாதீர்கள். சொட்டுநீரும் மூடாக்கும் இருந்தால் குறைந்த தண்ணீரே போதும். வெயில் நாளைக்கும் வரும். ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீர் அப்படி இல்லை.