சிறுகச் சிறுகச் சேர்ந்தது சிறுகச் சிறுகவே குறையட்டும்

திருகோணமலை நகருக்கு வடக்கே, சாம்பல்தீவை அடுத்துக் கடலோரமாக அமைந்திருக்கின்றது சல்லி. முத்துமாரியம்மன் ஆலயத்தாலும் கடற்றொழிலாலும் அறியப்பட்ட கிராமம் அது. இத்தகைய கரையோரக் கிராமங்களில் ஓரிரு தலைமுறைகளுக்கு முன்னர் வாழ்ந்தவர்களுக்கு, உடல் எடையைக் குறைப்பது எவ்வாறு என எவரும் எடுத்துரைக்க வேண்டிய தேவை இருக்கவில்லை. ஆண்கள் துடுப்பு வலித்தனர். இருபது முப்பது பேராகச் சேர்ந்து கரைவலை இழுத்தனர். பெண்கள் கிணற்றிலிருந்து நீர் அள்ளினர். உரலில் மா இடித்தனர். சந்தைக்குத் தலைச்சுமையுடன் நடந்தனர். உடற்பயிற்சி என்ற சொல் அவர்களுக்குப் பள்ளிக்கூடத்துடன் முடிந்துபோன ஒன்று. ஆயினும் அவர்களது நாள் முழுவதும் அதுவாகவே இருந்தது.

இன்று நிலைமை வேறு. திருகோணமலை மாவட்டத்தின் எந்தவொரு வைத்தியசாலையின் கிளினிக் நாளிலும் காலை வேளையில் சென்று பார்த்தால், கையில் கிளினிக் கொப்பியுடன் நீண்ட வரிசையில் காத்திருப்போரிற் கணிசமானோர் நீரிழிவுக்கும் உயர் குருதியமுக்கத்திற்கும் மருந்து பெற வந்தவர்களாகவே இருப்பர். தமிழர், முஸ்லிம்கள், சிங்களவர் என்ற வேறுபாடு அந்த வரிசைக்கு இல்லை.

நாடளாவிய ஆய்வுகளும் இதனையே கூறுகின்றன. தொற்றா நோய்களுக்கான காரணிகளை அறிய 2015 இல் நடத்தப்பட்ட தேசிய ஆய்வில், வளர்ந்தோரில் நூற்றுக்கு 29 பேர் வரை அதிக எடை உடையோராகக் காணப்பட்டனர். 2021 இல் அத்தொகை ஏறத்தாழ 39 ஆக உயர்ந்தது. இரு ஆய்வுகளிலும் பெண்களிடையே இது ஆண்களைவிடக் கூடுதலாக இருந்தது. 2005-2006 காலப்பகுதியில் வளர்ந்தோரில் நூற்றுக்குப் பத்துப் பேரளவில் இருந்த நீரிழிவு, 2018 முதல் 2021 வரையான காலத்தில் நடந்த மற்றோர் ஆய்வில் நூற்றுக்கு 23 பேரிடம் காணப்பட்டது. போரும் ஆழிப்பேரலையும் உயிர்களைப் பறித்த மண்ணில், இந்த நோய் ஓசையின்றிக் குடும்பத் தலைவர்களின் கால்களையும் கண்பார்வையையும் சிறுநீரகங்களையும் பறித்து வருகின்றது.

தெற்காசிய மக்களாகிய நாம் இவ்விடயத்திற் கூடுதல் கவனம் கொள்ள வேண்டியவர்கள். ஐரோப்பியரைவிடக் குறைந்த எடையிலேயே எம்மவரை நீரிழிவு பற்றிக்கொள்கின்றது. கிலோகிராமில் எடையை, மீற்றரில் உயரத்தின் வர்க்கத்தால் வகுத்துப் பெறும் உடற்றிணிவுச் சுட்டெண் 25 ஐத் தாண்டினால் அதிக எடை என்பது பொதுவான அளவுகோல். ஆசியரைப் பொறுத்தமட்டில் 23 இலிருந்தே எச்சரிக்கை வேண்டும் என உலக சுகாதார நிறுவனத்தின் நிபுணர் குழு 2004 இல் எடுத்துரைத்தது. 5 அடி 3 அங்குல உயரமுள்ள ஒருவருக்கு இது ஏறத்தாழ 59 கிலோ ஆகும். தராசு இல்லாத வீட்டில் தையற்காரரின் அளவுநாடா போதும். இடுப்புச் சுற்றளவு ஆண்களுக்கு 90 சென்ரிமீற்றரையும் பெண்களுக்கு 80 சென்ரிமீற்றரையும் எட்டினால் அது வயிற்றினுள் கொழுப்புச் சேர்ந்திருப்பதன் அறிகுறி.

இந்த எடை எவ்வாறு சேர்ந்தது? ஒரு நாளில் அன்று. துடுப்பின் இடத்திற்கு வெளியிணைப்பு இயந்திரம் வந்தது. 2004 ஆழிப்பேரலையின் பின்னர் கண்ணாடி நாரிழைப் படகுகளும் இயந்திரங்களும் நிவாரணமாகப் பெருமளவில் வந்து சேர்ந்தன. கரைவலை இழுப்பதற்கும் பல கரைகளில் உழவு இயந்திரம் பூட்டப்பட்டது. 2009 இற்குப் பின்னர் வீதிகள் சீராகின; மோட்டார் சைக்கிளும் முச்சக்கரவண்டியும் வாசல்தோறும் வந்தன. இவை யாவும் வேண்டிய வசதிகளே. எவரும் அவற்றைத் திருப்பிக் கொடுக்கப் போவதில்லை. ஆனால் உடல் உழைப்புக் குறைந்த அளவிற்கு உணவு குறையவில்லை என்பதே பிரச்சினை.

உணவும் மாறியது. இரண்டாம் உலகப் போரின்போது பர்மாவிலிருந்து அரிசி வருவது நின்றதால் கோதுமை மா பங்கீட்டு உணவாக எமது சமையலறைக்குள் நுழைந்தது. பின்னர் 1980 ஆம் ஆண்டளவில், எமது துறைமுகத்தின் கரையிலேயே, சீனன்குடாவில், உலகின் மிகப் பெரியவற்றுள் ஒன்றெனப்படும் மா ஆலை இயங்கத் தொடங்கியது. மாவைக் குறை கூறுவது எமது நோக்கமன்று. வறிய குடும்பங்களின் பசியை அது தணித்திருக்கின்றது. ஆயினும் காலையிற் பாண், பத்து மணிக்குப் பணிஸ், மாலையில் ரோல்ஸ், இரவிற் கொத்துரொட்டி என வெள்ளை மாவே நாள் முழுவதையும் நிரப்பும்போது உடல் அதனைக் கொழுப்பாகவே சேமிக்கின்றது. 2022 பொருளாதார நெருக்கடியின்போது மீன், முட்டை, பால் என்பவற்றின் விலை எட்டாத உயரத்திற்குச் சென்றதனால், சோற்றினாலும் மாவினாலும் சீனியினாலும் வயிற்றை நிரப்பவேண்டிய கட்டாயம் பலருக்கு ஏற்பட்டது. எனவே பருத்த உடல் செல்வத்தின் அடையாளம் என்ற பழைய எண்ணம் இன்று பொருந்தாது.

ஆண்டுக் கணக்கிற் சேர்ந்த எடையை ஒரு மாதத்திற் குறைத்துவிடலாம் என ஆசை காட்டும் விளம்பரங்களுக்கு இப்போது குறைவில்லை. மாப்பொருட்களும் மாத்திரைகளும் பெயர் தெரியாத மூலிகைப் பானங்களும் இணையத்தின் வழியாக விற்பனையாகின்றன. அவற்றை நம்புவோர் ஓர் உண்மையை அறிந்துகொள்ள வேண்டும். உணவைத் திடீரெனப் பாதிக்கு மேல் குறைத்தால், பஞ்சம் வந்துவிட்டதென உடல் எண்ணுகின்றது. செலவழிக்கும் சக்தியை அது சுருக்கிக்கொள்கின்றது. பசியைத் தூண்டும் சுரப்புகளைக் கூட்டுகின்றது. முதல் வாரங்களில் தராசு காட்டும் இறக்கத்திற் பெரும் பங்கு நீரே. தசையும் சேர்ந்து கரைகின்றது. பழைய உணவிற்குத் திரும்பியதும் எடை மீள்கின்றது. கரைந்த தசை அவ்வளவு எளிதில் மீள்வதில்லை.

வைத்தியர் மேற்பார்வையில் வழங்கப்படும் புதிய ஊசி மருந்துகள் சிலருக்குப் பெரும் பயன் தருகின்றன என்பதை மறுப்பதற்கில்லை. ஆனால் அவ்வகை மருந்துகளுள் ஒன்றான செமக்ளூட்டைட்டை நிறுத்திய ஓராண்டினுள், குறைந்திருந்த எடையில் மூன்றில் இரண்டு பங்கு மீண்டதாக 2022 இல் வெளியான ஆய்வொன்று காட்டியது. எந்த வழியிற் சென்றாலும் இறுதியில் அன்றாடப் பழக்கத்தை மாற்றியே ஆகவேண்டும் என்பதே இதன் பொருள்.

அதற்குப் பெரிய மாற்றம் வேண்டியதில்லை என்பதுதான் ஆறுதலான செய்தி. அமெரிக்காவில் நீரிழிவின் வாசலில் நின்ற மூவாயிரத்திற்கு மேற்பட்டோரிடம் நடத்தப்பட்டு 2002 இல் வெளியான ஆய்வில், உடல் எடையில் 7 வீதத்தைக் குறைப்பதும் வாரத்தில் 150 நிமிடங்கள் உடலை இயக்குவதுமே இலக்காக வைக்கப்பட்டன. 80 கிலோ எடையுள்ளவருக்கு இது ஐந்தரைக் கிலோ மட்டுமே. அக்குழுவினரிடையே நீரிழிவு 58 வீதத்தாற் குறைந்தது. மெற்போமின் மாத்திரை பெற்றோரிடம் குறைந்ததோ 31 வீதமே.

எம்மைப் போன்ற உடலமைப்பும் உணவும் கொண்டவர்களுக்கு இது பொருந்துமா என்ற கேள்விக்குச் சென்னையிலிருந்து பதில் கிடைத்தது. வைத்தியர் அ. இராமச்சந்திரன் தலைமையில் 531 பேரிடம் நடத்தப்பட்டு 2006 இல் வெளியான ஆய்வில், உணவையும் நடையையும் சீர்செய்தவர்களிடையே நீரிழிவு 28.5 வீதத்தாற் குறைந்தது. இத்தனைக்கும் அவர்களது எடை குறிப்பிடத்தக்க அளவிற் குறைந்திருக்கவில்லை. தராசின் முள் அசையவில்லையே எனச் சோர்ந்து நடையைக் கைவிடுவோர் இதனை நினைவிற் கொள்ள வேண்டும். முள் அசையுமுன்னரே உள்ளே நன்மை தொடங்கிவிடுகின்றது.

எங்கிருந்து தொடங்குவது? தேநீர்க் கோப்பையிலிருந்து தொடங்கலாம். நாளொன்றுக்கு ஐந்து தேநீர், ஒவ்வொன்றிலும் இரண்டு தேக்கரண்டி சீனி என்றால் பத்துத் தேக்கரண்டி. அதாவது 50 கிராம், 200 கலோரி. சீனியை நாளொன்றுக்கு 25 கிராமுக்குள் அடக்குவது நன்றென்கின்றது உலக சுகாதார நிறுவனம்; உணவுகளிலும் பானங்களிலும் சேர்ந்துள்ள சீனியும் இக்கணக்கினுள் அடங்கும். இரண்டு கரண்டியை ஒன்றரையாக்கி, இரு வாரங்களின் பின் ஒன்றாக்கி, பின்னர் அரையாக்கினால் நாக்கு அதற்குப் பழகிவிடும். ஒரே நாளில் நிறுத்தியவர்களைவிட இவ்வாறு குறைத்தவர்களே நிலைத்து நிற்பதை எம்மைச் சுற்றிலும் காண்கின்றோம்.

போத்தற் பானங்களுக்கு 2016 முதல் எமது நாட்டில் நிறக் குறியீடு உண்டு. 100 மில்லிலீற்றரில் 11 கிராமிற்கு மேல் சீனி இருந்தால் சிவப்பு. சிவப்புக் குறியுடைய 400 மில்லிலீற்றர் போத்தலொன்றில் ஏறத்தாழ ஒன்பது தேக்கரண்டியோ அதற்கு மேலோ சீனி கரைந்திருக்கின்றது. கடையில் அந்த நிறத்தைப் பார்த்து வாங்கும் பழக்கத்தைப் பிள்ளைகளுக்குக் கற்பித்தாலே பெரும்பயன் உண்டு. பானம் வேண்டுமெனில் இளநீரோ தண்ணீரோ எமது மண்ணில் தாராளம்.

அடுத்தது சோற்றுக் கோப்பை. சோற்றைக் கைவிடும்படி எவரும் கேட்கவில்லை. கோப்பையிற் பாதியைக் காய்கறிக்கும் கீரைக்கும் ஒதுக்கி, காற்பங்கில் மீனையோ பருப்பையோ வைத்து, எஞ்சிய காற்பங்கில் சோற்றை இட்டால் போதும். முதல் மாதத்தில் ஓர் அகப்பை குறைத்து, அந்த இடத்தில் முருங்கையிலை வறையையோ வல்லாரைச் சம்பலையோ பொன்னாங்காணியையோ வைக்கலாம். சூடையும் சாளையும் கீரியும் எமது கரையில் இறங்கும் மலிவான மீன்கள். பொரித்தால் எண்ணெயும் சேர்கின்றது. புளி விட்டுக் குழம்பாக்கினால் அது இல்லை. தேங்காய்ப்பாலில் முதற்பாலைக் குறைக்கலாம். கோதுமை மாப் பிட்டிற்குப் பதிலாகக் குரக்கன் பிட்டையோ தவிட்டரிசிமாப் பிட்டையோ வாரத்தில் மூன்று நாட்கள் அவிக்கலாம். இரவுணவை எட்டு மணிக்கு முன் முடித்துக்கொள்வது கடை உணவிற்கான ஆசையையும் குறைக்கும்.

அளவோடு உண்ணுதல் எமக்கு அந்நியமான அறிவுரையன்று. திருக்குறளின் மருந்து அதிகாரம் பெரிதும் பேசுவது உணவின் அளவைப் பற்றியே. வயிற்றில் மூன்றில் ஒரு பங்கையேனும் மூச்சுக்காக விட்டுவைக்கும் ஒழுக்கம் நபிவழியிற் கற்பிக்கப்பட்டது. விரதமும் நோன்பும் இரு சமூகத்தாரின் வாழ்விலும் ஊறியவை. ஆனால் விரதம் முடிந்ததும் வடையும் பாயசமும், நோன்பு திறந்ததும் சமூசாவும் கட்லட்டும் சர்பத்தும் எனப் பகலில் மிச்சம் பிடித்ததை மாலையில் வட்டியுடன் திருப்பிச் செலுத்துகின்றோம். பேரீச்சம்பழத்தோடும் கஞ்சியோடும் நிறுத்திக்கொண்டு, எண்ணெய்ப் பண்டங்களைச் சில நாட்களுக்கு மட்டும் வைத்துக்கொண்டால் அந்த மாதமே நல்ல தொடக்கமாக அமையும்.

இனி நடை. வாரத்தில் 150 நிமிடங்கள் முதல் 300 நிமிடங்கள் வரையான மிதமான இயக்கத்தை உலக சுகாதார நிறுவனம் பரிந்துரைக்கின்றது. ஒரே தடவையிற் குறைந்தது பத்து நிமிடமாவது தொடரவேண்டும் என்ற பழைய நிபந்தனையை 2020 இல் அது கைவிட்டது. ஐந்து நிமிட நடையும் கணக்கில் சேரும். கடைக்கு மோட்டார் சைக்கிளில் செல்லாது நடத்தல், பேருந்திலிருந்து ஒரு தரிப்பிடம் முன்னதாக இறங்குதல் என அதனை நாளின் வேலைகளுக்குள் புகுத்திவிடலாம். சல்லியிலும் நிலாவெளியிலும் காலை வெயில் ஏறுமுன் கடற்கரை மணலில் நடப்பது, தார் வீதியில் நடப்பதைவிட உடலுக்குக் கூடுதலான உழைப்பு. நகரில் உட்துறைமுக வீதியும், கோட்டை வாயிலிலிருந்து கோணேசர் ஆலயத்திற்கு ஏறும் பாதையும் உண்டு. நடையுடன் வாரத்தில் இரு நாட்களாவது தசைக்கு வேலை கொடுக்க வேண்டும். நீர் நிறைந்த வாளியைத் தூக்குவதும் கதிரையில் இருந்து பத்துத் தடவை கைபிடியாது எழுவதும் அதற்கு உதவும்.

நடையை மட்டும் நம்பியிருப்பதும் தவறு. அரை மணி நேர விரைந்த நடையிற் செலவாவது ஏறத்தாழ 150 கலோரி. திரும்பி வரும் வழியில் உண்ணும் ஒரு ரோல்ஸ் அதனை ஈடுசெய்துவிடும். உணவும் நடையும் சேர்ந்து செல்ல வேண்டும். மாதமொன்றுக்கு ஒன்றரை, இரண்டு கிலோ குறைந்தால் அதுவே நல்ல வேகம்.

எச்சரிக்கைகளையும் கூறியாக வேண்டும். இன்சுலினோ நீரிழிவு மாத்திரையோ எடுப்போர் உணவைக் குறைப்பதற்கும் நோன்பு பிடிப்பதற்கும் முன்னர் வைத்தியரைக் கலந்தாலோசிப்பது கட்டாயம். இன்றேல் குருதியிற் சீனி ஆபத்தான அளவிற்குத் தாழ்ந்துவிடலாம். கர்ப்பிணிகளும் பாலூட்டும் தாய்மாரும் வைத்தியரின் ஆலோசனையின்றி எடை குறைக்க முற்படலாகாது. நடக்கையில் நெஞ்சு நோவோ மூச்சுத் திணறலோ ஏற்படுபவர் உடனே வைத்தியசாலையை நாட வேண்டும். முயற்சியின்றித் தானாகவே எடை குறைந்தால் அது மகிழ்ச்சிக்குரியதன்று, பரிசோதனைக்குரியது. வளரும் பிள்ளைகளின் கோப்பையில் கை வைக்கவே கூடாது. நிறை குறைந்த பிள்ளைகள் இன்னமும் நிறைந்திருக்கும் நாடு இது.

இவை யாவற்றையும் ஒருவர் தனித்துச் செய்ய இயலாது என்பதையும் நாம் சுட்டிக்காட்ட விரும்புகின்றோம். கணவனுக்கு வேறு, பிள்ளைகளுக்கு வேறு, தனக்கு வேறெனச் சமைக்கும் தாய் சில நாட்களிற் களைத்துவிடுவாள். எஞ்சிய சோற்றை வீணாக்க மனமின்றி உண்பவளும் அவளே. எனவே வீட்டின் அடுப்பு முழுவதுமாக மாற வேண்டும். அவள் நடக்கும் அரை மணி நேரம் மற்றவர்கள் வீட்டு வேலையை ஏற்றுக்கொள்ள வேண்டும். தமிழ், முஸ்லிம் பெண்கள் அச்சமும் கூச்சமுமின்றி நடப்பதற்குத் தெருவிளக்கும், நாய்த்தொல்லையற்ற பாதையும் அமைத்துக் கொடுப்பது உள்ளூராட்சி மன்றங்களின் கடமை. அரச வைத்தியசாலைகளில் இயங்கும் ஆரோக்கிய வாழ்க்கைமுறை நிலையங்களில் எடை, குருதியமுக்கம், சீனி ஆகியவற்றை இலவசமாகப் பரிசோதிக்கலாம். நோய் வந்த பின்னர் கிளினிக் வரிசையில் நிற்பதைவிட, வருமுன்னர் அங்கு ஒரு காலைப்பொழுதைச் செலவிடுவது மேல்.

முன்னோரின் துடுப்பையும் உரலையும் மீண்டும் கையிலெடுக்க எவரும் அழைக்கவில்லை. அவர்களது நாளில் இருந்த அசைவில் ஒரு சிறு பங்கையும், அவர்களது கோப்பையில் இருந்த அளவில் ஒரு சிறு பங்கையும் மீட்டெடுத்தாற் போதும். நாளைக் காலைத் தேநீரில் அரைக் கரண்டி சீனி குறையட்டும். அடுத்த தெருவிலுள்ள கடைக்கு நடந்தே செல்வோம். அங்கிருந்து தொடங்குவோமாக.