உணவுக்குழாய்ப் புற்றுநோய் பரவுவது எவ்வாறு?

உணவுக்குழாயில் தோன்றும் புற்றுநோய், தொடக்க நிலையில் அங்கேயே அடங்கியிருக்குமாயின் அதனை அகற்றுதல் கூடும். நிணநீர்க் கணுக்கள், ஈரல், நுரையீரல் ஆகியவற்றுக்குப் பரவிய பின்னரே உயிருக்குப் பேராபத்து நேர்கிறது.

இப்பரவலுக்குத் துணைபோவனவற்றுள் ஒன்றை இங்கு விளக்குகிறோம். நம் மரபுப் பொருளில் ஏறக்குறைய 2 விழுக்காடே புரதம் உண்டாக்கும் குறிப்பைக் கொண்டது. புரதம் உண்டாக்காத ஆர்.என்.ஏ. இழைகளுள் 200 அலகுகளுக்கு மேல் நீண்டவை 'நீள் குறியீடற்ற ஆர்.என்.ஏ.' எனப்படும். பெரட்டில் வேலை பகிரும் கங்காணி தாம் பால் வெட்டுவதில்லை. அதுபோல, இவை தாம் புரதம் செய்யாமல், எம்மரபணு இயங்கவேண்டும், எது அடங்கவேண்டும் என்பதை நெறிப்படுத்துகின்றன.

2007 ஆம் ஆண்டில் அறிவிக்கப்பட்ட 'ஹாட்டேர்' அத்தகையது. உணவுக்குழாய்ப் புற்றுக்கட்டியில் இது மிகும்போது, வளர்ச்சியைத் தடுக்கும் மரபணுக்கள் சில அடக்கப்படுகின்றன. புற்றணுக்கள் இடம்பெயர்ந்து ஊடுருவும் ஆற்றல் பெறுகின்றன.

இதனைத் தடுக்கும் மருந்து இன்னும் ஆய்வு நிலையிலேயே உள்ளது. புகை, மது, வெற்றிலைபாக்கு ஆகியவற்றை விலக்குவதோ நம் கையில் உள்ளது. விழுங்குவதில் தடையோ காரணமற்ற உடல் மெலிவோ தோன்றினால், காலந்தாழ்த்தாது மருத்துவரை நாடுமாறு வாசகர்களைக் கேட்டுக்கொள்கிறோம்.