மணலைப் பிடித்த வேர்கள்

வேளாங்கண்ணித் தாயின் திருத்தலத்திற்கு வரும் குடும்பங்கள் பல, திருப்பலி கண்டு, கடலில் கால் நனைத்து, அன்றே ஊர் திரும்பிவிடுகின்றன. தெற்கே ஏறத்தாழ 50 கிலோமீட்டர் சென்றால், இறைவனே நட்டு வளர்த்த தோட்டமொன்று உண்டு. அது கோடிக்கரைக் காடு. சென்ற தை மாதத்தில் நான்கு குடும்பத்தார் பிள்ளைகளுடன் இரு நாள் அப்பக்கம் சென்றுவந்தோம்.

முதல் நாள் முத்துப்பேட்டையில் படகேறினோம். பாமணியாறு, கோரையாறு முதலிய காவிரியின் கடைக்கிளைகள் கடலைத் தழுவுமிடத்தில் அலையாத்திக் காடு செழித்திருக்கிறது. சேற்றினின்று விரல்களென மேல்நோக்கி எழும் வேர்கள் மூச்சு விடுவதற்கானவை என்று படகோட்டி விளக்க, பிள்ளைகள் வியந்தனர்.

மறுநாள் கோடிக்கரை. வங்காள விரிகுடா பாக்கு நீரிணையாகத் திரும்பும் முனை இது. 1967-இல் காட்டுயிர்ப் புகலிடமாக அறிவிக்கப்பெற்று, 2002-இல் ராம்சர் ஈரநிலங்களின் வரிசையில் இடம் பெற்றது. பாலை மரங்களுக்கு அப்பால் புல்வெளியில் வெளிமான்கள் மேய்ந்தன. முறுக்கிய கொம்புடைய கருங்கலை ஒன்று தலை நிமிர்ந்து எங்களை நோக்கிற்று. தொலைவில் உப்பு நீரில் பூநாரைகள் வரிசையாய் நின்றன.

மணல்மேட்டைக் கண்டதும் பிள்ளைகள் ஓடி ஏறிச் சறுக்கி விளையாடினர். கொடிகள் அறுந்தன. பெரியவர்களாகிய நாங்களும் சிரித்துக்கொண்டிருந்தோம். அவ்வழி வந்த காவலர் ஒருவர், “ஐயா, அந்தக் கொடிதான் இந்த மேட்டைக் கட்டி வைத்திருக்கிறது” என்றார். சினமின்றித்தான் சொன்னார், எங்களுக்கோ தலை குனிந்தது.

அடப்பங்கொடியும் ராவணன் மீசைப் புல்லும் மணலில் வேரோடிப் பிடித்துக்கொள்கின்றன. காற்று கொணரும் மணல் அவற்றில் தடைப்பட்டுச் சிறிது சிறிதாக மேடாகிறது. அம்மேடு அலையின் வேகத்தைத் தணிக்கிறது. மழைநீரை உள்ளே தேக்கி ஊருக்கு நன்னீர் தருகிறது. கொடி போனால் மணல் போகும். மணல் போனால் ஊருக்குக் காவல் ஏது?

2004 டிசம்பர் 26-இல் ஆழிப்பேரலை இக்கரையெங்கும் உயிர்களைக் கொள்ளைகொண்டது. வேதாரண்யம் பகுதியிலுள்ள நாலுவேதபதி மக்களோ, 2002-இல் ஒரே நாளில் 80,244 கன்றுகளை நட்டிருந்தனர். அம்மரங்கள் அலையின் சீற்றத்தைத் தணித்தன. ஆயினும் மரங்களும் வலிமையில் எல்லையுடையன: 2018 நவம்பர் 16-இல் வீசிய கஜா புயலில் கோடிக்கரைக் காட்டின் மரங்கள் பெருமளவில் சாய்ந்தன, மான்களும் மடிந்தன. சாய்ந்த காடு மீண்டும் தளிர்க்க நாளாகும். அதற்கு நம் கால்கள் இடையூறாகலாமா?

மணல்மேல் கட்டிய வீடு விழும் என்று ஆண்டவர் உவமையில் கற்பித்தார். வேர்கள் பற்றிய மணலோ வீடுகளைக் காத்து நிற்பதை இங்குக் கண்டோம். குடும்பமும் அத்தகையதே, எளிய மனிதர்களாயினும் அன்பின் வேர் பிணைத்திருந்தால் அலை வந்தாலும் நிலைக்கும்.

அன்பு வாசகர்களே, அடுத்த திருப்பயணத்தில் ஒரு நாளைக் கோடிக்கரைக்கு ஒதுக்குங்கள். மான் காண விடியற்காலையும், பறவை காண நவம்பர் முதல் ஜனவரி வரையும் ஏற்றவை. நெகிழிப் பைகளைக் கொண்டு செல்லாதீர்கள். மணல்மேட்டைத் தொலைவில் நின்றே கண்டு மகிழுங்கள். எங்கள் பிள்ளைகள் திரும்பும்போது கொடிகளைச் சுற்றி நடந்து வந்தனர், நாங்கள் சொல்லவில்லை.