மடியை வற்றச் செய்யும் கிருமியும் அதன் இனவகைகளும்

நெல்வயலுக்கும் மரக்கறித் தோட்டத்துக்கும் எருவை அளிப்பது மாடே. திருகோணமலை லிங்கநகர் முதல் தம்பலகாமம், கந்தளாய் வரை, செய்கையோடு ஓரிரு கறவைகளையும் வளர்க்கும் கமக்காரர், பால் திடீரெனக் குறைந்தால் தீவனத்தையோ நாவூற்றையோ காரணமாகக் கூறுவர். பல வேளைகளில் காரணம் மடிக்குள்ளேயே இருக்கின்றது.

அக்காரணம் ஸ்ட்ரெப்டோகாக்கஸ் அகலாக்டியே என்னும் கிருமியாகும். பின்பெயரின் பொருளே 'பாலின்மை' என்பதாம். 1933இல் ரெபேக்கா லான்ஸ்பீல்ட் அம்மையார் இக்குடும்பக் கிருமிகளைப் பிரித்தபோது இது 'பி' பிரிவில் அடங்கிற்று.

மாட்டினத்தில் இதன் முதன்மையான உறைவிடம் மடியே. கறப்பவரின் கையும் மடி துடைக்கும் துணியுமே இதனை ஒரு பசுவிலிருந்து மற்றொன்றுக்குக் கொண்டு செல்கின்றன. மடி வீங்கி நோவெடுப்பது சிறுபான்மை. பெரும்பாலும் வெளிக்குறியின்றிப் பால் மட்டும் குறையும். ஒவ்வொரு காம்பின் முதற் பாலையும் கறுப்புத் துணி கட்டிய பேணியில் கறந்து, திரிதிரியாக ஏதும் தங்குகின்றதா எனப் பார்த்தல் வேண்டும். கண்ணுக்குப் புலப்படாததை மிருக வைத்தியர் பரிசோதனையால் அறிவார். நோயுற்ற பசுவை இறுதியிற் கறக்க வேண்டும். பசுவுக்குப் பசு கைகழுவ வேண்டும். கறந்தபின் காம்பை அயடீன் கரைசலில் தோய்க்க வேண்டும். பெனிசிலினுக்கு இக்கிருமி நன்கு அடங்கும். ஆயினும் வைத்தியர் குறித்த நாட்கள் முடியுமுன் மருந்தை நிறுத்துவதும், தடுத்த காலத்திற் பாலை விற்பதும் தவறாகும்.

இக்கிருமி ஒரே தன்மையதன்று. மேலுறையைக் கொண்டு இதனைப் பத்து வகைகளாகவும், மரபணுவைக் கொண்டு பல மரபுகளாகவும் பிரித்துள்ளனர். பசுவின் மடிக்கெனப் பழகிய மரபு மனிதரிடம் அரிது. மீனிலும் மனிதரிலும் காணப்படும் 283ஆம் மரபு, 2015இல் சிங்கப்பூரில் நன்னீர் மீனைப் பச்சையாக உண்டவர்களைப் பீடித்தது. குளத்து மீனை நன்கு சமைத்து உண்ணும் நம் வழக்கம் இவ்வகையில் நல்லதே.

பச்சிளங் குழந்தைகளிடம் மூளையுறை அழற்சியை உண்டாக்குவதில் மூன்றாம் வகையைச் சேர்ந்த 17ஆம் மரபு முன்னிற்கின்றது. உலகில் ஏறக்குறைய ஐந்து கர்ப்பிணிகளுள் ஒருவர் 'பி' பிரிவுக் கிருமியை நோயின்றித் தாங்குகின்றனர். பிறந்த முதல் வாரத்தில் வரும் நோய் பெரும்பாலும் தாயிடமிருந்தே பிரசவத்தின்போது தொற்றுவது. அதற்காகத் தொழுவத்துப் பசுவைப் பழித்தல் பொருந்தாது. பிரசவ வேளையில் தாய்க்கு ஏற்றும் பெனிசிலின் இதனைப் பெரிதும் தடுக்கும். ஆனால் ஒரு வாரத்தின்பின் மூன்று மாதம் வரையில் தோன்றும் நோயை அது தடுப்பதில்லை. ஆகவே அம்மாதங்களிற் குழந்தை பால் குடிக்க மறுத்தாலோ, உடல் சுட்டாலோ குளிர்ந்தாலோ, மூச்சுத் திணறினாலோ, விடியட்டும் என்று காத்திராமல் வைத்தியசாலைக்குக் கொண்டு செல்லல் வேண்டும்.