தூதராலயத்தில் வர்த்தகப் பயிற்சி

தூதராலயம் என்றவுடன் அரசியல் விவகாரங்களே நம் நினைவிற்கு வருகின்றன. ஆயினும் பொருளாதார உறவை வளர்த்தலும் அதன் கடமைகளுள் ஒன்றென 1961ஆம் ஆண்டின் வியன்னா உடன்படிக்கை கூறுகின்றது. அமெரிக்க ஐக்கிய நாடுகளில், அயல்நாட்டு வர்த்தகத்தைப் பேணும் இப்பணி 1980ஆம் ஆண்டில் வெளிநாட்டு இலாகாவினின்றும் வர்த்தக இலாகாவிற்கு மாற்றப்பெற்றது. அந்நாட்டுத் தூதராலயங்களின் வர்த்தகப் பகுதியிற் கல்லூரி மாணவர் சிலர் சில மாதம் பயிற்சி பெறுதல் வழக்கமாயிற்று.

ஆண்டு அவர் செய்யும் வேலை யாது? சரக்கை வாங்குதலுமன்று, விற்றலுமன்று, விசாரித்து உண்மையை அறிவித்தலேயாம். தம் நாட்டுச் சிறு உற்பத்தியாளர் ஒருவர் பம்புகளை அயல்நாட்டில் விற்க விரும்புகின்றார் எனக் கொள்வோம். அவற்றின் சுங்கக் குறியீடு யாது, தீர்வை எவ்வளவு, வாங்கக்கூடிய வியாபாரிகள் யாவர், அவர் நாணயமுள்ளவரா என்பவற்றை மாணவர் ஆராய்ந்து அறிக்கை வரைவர். 1988 முதல் பல நாடுகளுக்கும் பொதுவாய் வழங்கும் ஆறிலக்க முறையில், நீரிறைக்கும் பம்புகள் 8413 என்னும் தலைப்பிலும், காற்றுப் பம்புகள் 8414 என்னும் தலைப்பிலும் அடங்கும். ஓரிலக்கம் பிழைப்பின் தீர்வையும் மாறலாம். எதிர்பார்த்த இலாபம் நஷ்டமாகலாம். முகமறியா ஒருவரது முதல், மாணவர் எழுதும் ஒரு வரியைப் பற்றி நிற்கின்றது.

இத்துணைப் பொறுப்புள்ள இப்பயிற்சி நெடுங்காலம் ஊதியமின்றியே அளிக்கப்பெற்றது. அயல்நகரில் தம் செலவில் வாழ இயலாதார்க்கு அதன் வாயில் எளிதில் திறக்கவில்லை. தகுதியுடையார் வறுமையால் விலக்குண்பராயின், நஷ்டம் அவர்க்கு மட்டுமன்று. அவரது உழைப்பை இழக்கும் நாட்டிற்குமாம்.