இன்ஜினுக்கு மப்ளர் கட்டலாமா?

ஊட்டியில் யாராவது கேட்டிருந்தால் இந்தக் கேள்விக்கு ஓர் அர்த்தம் உண்டு. பெரம்பலூரில், அதுவும் வைகாசி வெயிலில், "மாமா, கார் இன்ஜின்ல போர்வை சுத்தலாம்னு இருக்கேன்" என்று ஒருவன் சொன்னால்? முதலில் அவன் தலையில் ஈரத்துண்டு போடத்தான் தோன்றும்.

சொன்னவன் என் மச்சினன். அரியலூர்வாசி. அவனிடம் அவன் அப்பா காலத்துப் பெட்ரோல் அம்பாசடர் ஒன்று இருக்கிறது. கம்பெனி அந்தக் காரைத் தயாரிப்பதையே 2014-ல் நிறுத்திவிட்டது. ஆனாலும் சொந்தத்தில் எந்தக் கல்யாணம் என்றாலும் மாப்பிள்ளை அழைப்புக்கு அதுதான் வேண்டும் என்கிறார்கள். போட்டோவில் எடுப்பாக இருக்கிறதாம்!

ஒரே ஒரு சிக்கல். கோடையில் நடுரோட்டில் நின்றுவிடும். போன முகூர்த்தத்தில் மாப்பிள்ளை பட்டு வேட்டியோடு புளியமரத்தடியில் நிற்க, மாப்பிள்ளைத் தோழன் தன் அங்கவஸ்திரத்தை நனைத்து பெட்ரோல் பம்ப் மேல் போட்டு ஊதிக்கொண்டிருந்தான். அடுத்த வெள்ளிக்கிழமை இன்னொரு கல்யாணம். அரியலூரிலிருந்து பெரம்பலூர், சுமார் 30 கிலோமீட்டர். பெண் வீட்டார் கொஞ்சம் கோபக்காரர்கள் என்று கேள்வி.

கார் ஏன் நிற்கிறது? பெட்ரோல், பம்புக்கும் கார்புரேட்டருக்கும் போகிற வழியிலேயே கொதித்து ஆவியாகிவிடுகிறது. பம்புக்குத் திரவத்தைத் தள்ளத்தான் தெரியும். ஆவியைத் தள்ளத் தெரியாது. 'வேப்பர் லாக்' என்பார்கள். அம்பாசடரின் பூர்வீகம் இங்கிலாந்தின் மோரிஸ் ஆக்ஸ்போர்டு. அந்த இன்ஜினில் பெட்ரோல் உள்ளே போகும் குழாயும், புகை வெளியே வரும் குழாயும் ஒரே பக்கம். கார்புரேட்டருக்குக் கீழேயே அடுப்பு! குளிர்தேசத்துக்காரனுக்கு அது வரம். காலையில் வண்டி சீக்கிரம் சூடாகும். பெரம்பலூருக்கு அந்த வரம் எதற்கு?

அந்த அடுப்பின் பெயர்தான் எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டு. சிலிண்டர்களிலிருந்து வரும் புகையைச் சேர்த்து சைலன்ஸருக்கு அனுப்பும் வார்ப்பிரும்புக் குழாய். வண்டியை விரட்டினால் உள்ளே புகையின் சூடு 700 டிகிரி செல்சியஸைத் தொடும். அதன்மேல் கண்ணாடி இழையில் நெய்த டேப்பைச் சுற்றிவிட்டால் சூடு வெளியே வராது, பானெட்டுக்குள் குளுகுளு என்பது மச்சினனின் திட்டம். 'டைட்டானியம்' என்ற பெயரிலும் இந்த டேப் வருகிறது. அதில் டைட்டானியத்தைத் தேடாதீர்கள். பெரும்பாலும் எரிமலைப் பாறையை உருக்கி இழுத்த நூல்தான் அது.

திட்டம் முழுப் பொய்யும் இல்லை. டேப் சுற்றினால் பானெட்டுக்குள் சூடு குறைவது நிஜம். ரேஸ்காரர்கள் சுற்றுகிறார்கள். புகை சூடாகவே இருந்தால் வேகமாக வெளியேறும், இன்ஜின் கொஞ்சம் சுறுசுறுப்பாகும் என்பது அவர்கள் கணக்கு. குழாய் வீணாய்ப் போனால் கழற்றிப் போட்டுவிட்டு வேறு மாட்டுவார்கள். நாம்?

பெரம்பலூர் நாலு ரோடு பக்கம் ஒரு மெக்கானிக்கிடம் போனோம். அவர் டேப்பை ஒரு பார்வை பார்த்தார். பதில் சொல்லவில்லை. பக்கத்து பெஞ்சில் டீ குடித்துக்கொண்டிருந்த பெரியவர்தான் பேசினார். அரியலூர்ப் பக்கம் சிமென்ட் ஆலையில் சூளை பார்த்து ரிட்டயர் ஆனவராம்.

"தம்பி, சூளைக்குள்ள கல்லு 1,450 டிகிரியில வேகுது. சூளை உடம்பு வெறும் இரும்புத் தகடு. ஏன் உருகல?"

"உள்ள செங்கல் பதிச்சிருக்கும்ல ஐயா."

"ஆங்! உள்ளாற! வெளிய போர்த்த மாட்டோம். வெளிய ஃபேன் வெச்சு காத்தடிப்போம். உள்ள ஒரு செங்கல் விழுந்தாப் போதும், தகடு அந்த எடத்துல செவசெவன்னு ஆயிடும். எங்களுக்கு வயித்தக் கலக்கும். நீ என்னடான்னா வெறும் இரும்புக்கு வெளிய கம்பளி போத்துறேங்கிற!"

இதைவிடத் தெளிவாக எந்தப் புத்தகமும் சொல்லாது. சூடு உள்ளே இருக்க, வெளியே போர்த்தினால், நடுவில் மாட்டிக்கொள்வது இரும்பு. காற்றுக்குக் கொடுத்துக்கொண்டிருந்த சூட்டை அதுவே தாங்க வேண்டும். தினம் சூடாகி, ஆறி, மறுபடி சூடாகி... வார்ப்பிரும்பு விரிசல் விடும். தகட்டுக் குழாய் என்றால் செதில் செதிலாக உரியும். டேப் சுற்றினால் வாரண்டி கிடையாது என்று குழாய் தயாரிப்பவர்களில் பலர் சொல்வது சும்மா இல்லை.

மெக்கானிக் இப்போதுதான் வாயைத் திறந்தார். "சார், அம்பாசடர்னா ஆயில் ஒழுகும். ஒழுகலேன்னா ஆயில் தீந்துபோச்சுன்னு அர்த்தம். மேல ராக்கர் கவர்லேருந்து சொட்டுற ஆயிலை இந்த டேப்பு குடிச்சுக்கும். அப்புறம் அது டேப்பு இல்ல, வெளக்குத் திரி."

மச்சினன் முகம் மாறியது. பின்னே, பின்சீட்டில் மாப்பிள்ளை உட்கார்ந்திருப்பாரே!

நெருப்பு என்றதும் இன்னொன்று. எங்கள் பக்கத்துக் கிராமங்களில் கொள்ளையும் உளுந்தையும் செடியோடு தார்ரோட்டில் பரப்பிவிடுவார்கள். போகிற வண்டிகள்தான் போரடிக்கும் மாடுகள். அந்தக் காய்ந்த கொடி காருக்கு அடியில் சுற்றிக்கொண்டு, சுடுகிற சைலன்ஸரில் பட்டால் தீப்பிடிக்கும். அப்படிக் கார்கள் எரிந்திருக்கின்றன. அதற்கு டேப் காவல் இல்லை. வண்டியை ஓரங்கட்டி, குனிந்து பார்த்து, பிடுங்கிப் போடுவதுதான் வழி.

சரி, வெள்ளிக்கிழமைக்கு என்ன வழி?

மெக்கானிக் அடுப்பை விட்டுவிட்டு பாலைக் கவனித்தார். மேனிஃபோல்டுக்கும் கார்புரேட்டருக்கும் நடுவே ஒரு தகட்டை, எதிலும் ஒட்டாமல், விரல் நுழைகிற இடைவெளி விட்டு மாட்டினார். அந்த இடைவெளிக் காற்றுதான் வேலையே செய்கிறது. கார்புரேட்டருக்கு அடியில் சூடு கடத்தாத தடிமனான அட்டை. பெட்ரோல் குழாயை மேனிஃபோல்டிலிருந்து தள்ளி வளைத்து, அதற்கு மட்டும் ஓர் உறை. வாங்கி வந்த டேப்பில் ஒரு முழம் அங்கே உபயோகப்பட்டது! அப்புறம் தளர்ந்திருந்த ஃபேன் பெல்ட்டை இறுக்கி, ரேடியேட்டரில் அடைத்திருந்த சிமென்ட் தூசியை ஊதி எடுத்து, இக்னிஷன் டைமிங்கைச் சரிசெய்தார். டைமிங் பின்தங்கினால் மேனிஃபோல்டு தேவையில்லாமல் கொதிக்கும்.

புதுக்கார் வைத்திருப்பவர்கள் இந்த வைத்தியத்தையும் செய்ய வேண்டாம். 2020 ஏப்ரல் முதல் பி.எஸ்.-6 விதி. பல கார்களில் புகையைச் சுத்தம் செய்யும் கன்வர்ட்டரும் சென்ஸாரும் மேனிஃபோல்டை ஒட்டியே இருக்கின்றன. கம்பெனிக்காரனே தகடு போட்டுத்தான் அனுப்புகிறான். அந்தத் தகட்டை, 'கடகடன்னு சத்தம் வருது' என்று கழற்றி எறியாமல் இருந்தால் போதும்.

கிளம்பும்போது புல்லட்டில் ஒரு பையன் வந்தான். சைலன்ஸர் முழுக்க டேப், பாம்பு சுற்றியது மாதிரி. ஸ்டைலாம். வண்டியில் சத்தம் ஒரு மாதிரி வருகிறது என்றான்.

மெக்கானிக் கிளிப்பை வெட்டி டேப்பை உருவினார். இரண்டு ஐப்பசி மழையின் ஈரத்தைப் பொத்தி வைத்திருந்த குழாய், கட்டை விரலை அழுத்தியதும் அப்பளம் மாதிரி நொறுங்கி உள்ளே போயிற்று.

"சத்தம் இங்கேருந்துதான் தம்பி வருது" என்றார்.